ஒன்பதாம் பக்கத்தின் கடைசி வரி

1

கதை எங்கிருந்து வந்தது என்று கேட்டால் எழுத்தாளர்கள் ஒரு ரயில் பயணத்தைச் சொல்வார்கள், அல்லது சந்தையில் பார்த்த ஒரு முகத்தை. என் கதை ஓர் அலுவலக அறிக்கையிலிருந்து வந்தது. ஒன்பது பக்கம். தலைப்பு: 'நமது பேஸ்பால் அணி ஆள்தேர்வில் மாற்று எறிவாளர்களை எடுக்கலாமா?' எழுதியவன் நான். பதில்: வேண்டாம். தலைப்பையும் பதிலையும் சேர்த்தால் எட்டுச் சொல் வரும். மற்றதெல்லாம் அந்த எட்டுச் சொல்லுக்குக் காவல் நின்றது.

அணியின் பெயர் நாரைகள். ஊரின் பெயரைச் சொல்ல மாட்டேன். அணியின் வழக்கறிஞர் நல்ல மனிதர், அவரைத் தொந்தரவு செய்ய எனக்கு விருப்பமில்லை. பதினெட்டு வருஷமாக அங்கே புள்ளிவிவரப் பிரிவில் இருக்கிறேன். ஜன்னல் இல்லாத அறை. மைதானம் எங்கள் தலைக்கு மேலே இருக்கிறது; கூட்டம் குதித்தால் கூரை அதிரும். ஜெயித்தோம் என்று அப்படித்தான் எங்களுக்குத் தெரியும்.

அறிக்கை கேட்கப்பட்ட வருஷத்துக்கு முந்தைய வருஷம் கூரை அதிகம் அதிரவில்லை. ஜெயிக்கிற நிலையிலிருந்து கோட்டைவிட்ட ஆட்டங்கள் இருபத்தொன்பது. ஆட்டத்தைத் தொடங்கும் எறிவாளர் நூறு பந்து வரை போட்டுவிட்டு ஓய்ந்துபோவார். அப்புறம் மைதான ஓரத்துக் கொட்டகையின் கம்பிக்கதவைத் திறந்துகொண்டு மாற்று எறிவாளர் ஓடிவருவார். பதினைந்து, இருபது பந்து போட்டுக் காப்பாற்ற வேண்டும். எங்கள் ஆட்கள் இருபத்தொன்பது தடவை கதவைத் திறந்தார்கள், இருபத்தொன்பது தடவையும் கெடுத்தார்கள். உரிமையாளர் ஒரே ஒரு வாக்கியம் எழுதி அனுப்பினார்: "அந்தக் கொட்டகைக்கு ஆள் எடுங்கள்."

ஆள் எடுப்பது ஜூலையில். நாட்டின் எல்லா அணிகளும் வரிசை வைத்துக்கொண்டு பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் விளையாடுகிற பையன்களில் ஒவ்வொருவராகப் பொறுக்கும். பொறுக்கிய பையன் பெரிய மைதானத்துக்கு வந்துசேர மூன்று வருஷம் ஆகும். கூரை ஒழுகுகிறது என்று இன்றைக்குத் தென்னங்கன்று நட்டுவிட்டு ஓலைக்குக் காத்திருப்பதுபோல. இதைத்தான் ஒன்பது பக்கமும் சொன்னேன். தென்னங்கன்று மட்டும் அறிக்கையில் இல்லை.

2

முதல் தொடக்கம்:

"வெயில் கொளுத்திய ஒரு மே மாதப் பிற்பகலில், கிழக்கு அர்க்கன்சாவின் நெல்வயல்களுக்கு நடுவே, வெர்ன் டிலாஹண்ட் தன் பழைய காரை நிறுத்திவிட்டு"

[நிறுத்திவிட்டு என்ன செய்தார்? இறங்கினார். காரை நிறுத்துகிறவர் இறங்கத்தான் செய்வார். இதற்கு ஒரு தொடக்கம் எதற்கு என்று விட்டுவிட்டேன்.]

இரண்டாம் தொடக்கம்:

"ராய்ஸ் லாண்ட்ரமின் வலது கை கடவுள் பார்த்துக் கொடுத்த"

[கடவுள் வேண்டாம். பின்னால் ஓர் அறுவை மருத்துவர் வரப்போகிறார். இருவரையும் ஒரே கதையில் வைத்தால் பழி யார்மேல் என்பதில் குழப்பம் வரும்.]

மூன்றாம் தொடக்கம்:

"நான் ஒரு வரி எழுதினேன்."

[இது உண்மை. உண்மையில் கதையே இவ்வளவுதான். ஆனால் இதை முதலில் வைத்தால் அடுத்த வரியில் என்ன வரி என்று கேட்பீர்கள். சொல்ல எனக்குக் கொஞ்சம் தைரியம் சேர வேண்டும். இப்போதைக்கு வெர்ன் காரிலிருந்து இறங்கட்டும்.]

3

வெர்ன் எங்களுக்காகத் தெற்கு மாநிலங்களில் ஆள் பார்ப்பவர். வருஷத்தில் இருநூறு நாள் சாலையோர விடுதிகளில் தூங்குவார். முதல் பிரதியில் அவருக்குச் சோகமான கண்களையும் செத்துப்போன மனைவியையும் கொடுத்திருந்தேன். படித்துப் பார்த்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது. அவருடைய மனைவி நன்றாக இருக்கிறார். வெர்னின் கண்கள் எப்படி என்று எனக்குத் தெரியாது, எப்போதும் கறுப்புக் கண்ணாடி. சூரியகாந்தி விதையை மென்று தோலைக் காகிதக் கோப்பையில் துப்புவார். அவரைப் பற்றி உறுதியாக எழுத முடிவது இவ்வளவுதான்.

[பேச்சைப் பற்றி ஒரு வார்த்தை. வெர்ன் என்னை 'யோவ் கணக்கு' என்று கூப்பிட்டதில்லை. அவர் கூப்பிட்ட வார்த்தையைத் தமிழில் சொன்னால் அச்சில் போட மாட்டார்கள். 'யோவ் கணக்கு' அதற்கு மிக அருகில் வருகிறது.]

ராய்ஸை அவர் பார்த்தது நெல் விளைகிற ஊரின் சின்னக் கல்லூரி ஒன்றில். ஆட்டத்தின் ஒன்பது இன்னிங்ஸில் எட்டாவது. எதிரணியின் இரண்டு பேர் ஓடக் காத்திருக்கிறார்கள். கொட்டகைக் கதவு திறந்தது. ஓடிவந்த பையன் தயார்ப் பந்து எட்டுப் போடலாம் என்றிருக்க, நான்கு போட்டான். போதும் என்று நின்றுகொண்டான். பதினோரு பந்தில் மூன்று பேரை அவுட்டாக்கிவிட்டுத் திரும்பினான். ஆட்டம் முடிந்ததும் மற்றவர்கள் உடைமாற்றும் அறைக்குப் போக, இவன் மைதானத்தில் தார்ப்பாய் இழுக்கிறவர்களோடு சேர்ந்து இழுத்தான்.

வெர்ன் எழுதிய குறிப்பு என்னிடம் இருக்கிறது. "நாளைக்கே கொட்டகையில் உட்கார வைக்கலாம். எறியும் விதம் விகாரமாக இருக்கிறது, ஆனால் பதினைந்து பந்துக்குத் தாங்கும். ஒன்றையும் மாற்றாதீர்கள். தொடாதீர்கள்."

'தொடாதீர்கள்' என்ற சொல்லின்கீழ் இரண்டு கோடு. மூன்றாவது கோடு போட ஆரம்பித்துப் பேனா மை தீர்ந்திருக்கிறது.

4

எங்கள் அணியில் ஒரு வழக்கம். ஆள் பார்க்கிற ஒவ்வொருவருக்கும் வருஷத்துக்கு ஒரே ஒரு சிவப்புக் காந்தம். தேர்வு அறையின் பலகை முழுக்கப் பையன்களின் பெயர்ப்பட்டைகள் இருக்கும். 'இவனுக்காக நான் நிற்கிறேன்' என்று தோன்றுகிற ஒரு பெயரின்மேல் அதை ஒட்டலாம். ஒட்டினபிறகு நகர்த்தக் கூடாது. அறை அந்தப் பையனை எடுக்காவிட்டால் காந்தத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்விட வேண்டும். வெர்ன் வீட்டுக் குளிர்பெட்டியில் பதினோரு சிவப்புக் காந்தங்கள் இருக்கின்றன. பன்னிரண்டாவதை ராய்ஸ் லாண்ட்ரம்மேல் ஒட்டினார். ஒட்டிவிட்டு என் அறைக்கு வந்தார்.

"யோவ் கணக்கு, மாத்தாளே எடுக்கக் கூடாதுன்னு எழுதியிருக்கியாமே?"

"அப்படி இல்ல வெர்ன். மாத்தாள்னு யாரும் பொறக்கறதில்லன்னு எழுதியிருக்கேன். ஸ்டார்ட்டரா இருந்து தேறாதவங்கதான் கொட்டகைக்குப் போறாங்க. அதனால ஸ்டார்ட்டரா பாத்து எடுங்க. பாதிப் பேரு தானா தோத்துடுவாங்க. கொட்டகை தானா நெறஞ்சிடும்."

அவர் விதைத் தோலைத் துப்பினார்.

"அப்ப வீட்டுக்கு டிரைவர் வேணும்னா பைலட்ட வேலைக்கு வச்சு, அவன் ப்ளேனைக் கொண்டுபோய் இடிக்கிற வரைக்கும் உக்காந்திருக்கணும். அதானே?"

"கணக்குப்படி பாத்தா, ஆமாங்க."

"உங்கிட்ட பேசறதுக்கு அந்தத் தார்ப்பாய்கிட்டப் பேசலாம்."

ஆள்தேர்வின் தலைவர் மார்லிஸ் ஹாஃப் அறிக்கையை முழுவதும் படித்தவர். அதுவரை எட்டுப் பக்கம்தான் இருந்தது. என்னைக் கூப்பிட்டார்.

"எட்டுப் பக்கமும் 'வேண்டாம்'னே இருக்கு. ஓனர் ஆள் எடுங்கன்னு எழுதியிருக்காரு. இதைப் படிச்சா நமக்குக் காது கேக்கலன்னு நெனைப்பாரு. எடுக்கறதா இருந்தா இப்படின்னு ஒரு வழி சொல்லி முடிங்களேன்."

இப்போது தைரியம் சேர்ந்துவிட்டது. ஒன்பதாம் பக்கத்தின் கடைசியில் நான் சேர்த்த வரி இது:

"எடுத்தே ஆக வேண்டுமென்றால், அவரைத் தொடக்க எறிவாளராக மாற்றிப் பார்க்கலாம், சிலரிடம் இதுவரை யாரும் பார்க்காத வலு இருக்கக்கூடும்."

இதை எழுத ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். முதல் பாதி மார்லிஸுக்காக. வெறும் பதினைந்து பந்துக்காரனை மூன்றாவது சுற்றில் எடுத்தால் கேலி செய்வார்கள்; நூறு பந்துக்காரனாக்கினால் வாயடைக்கலாம். இரண்டாவது பாதி எதற்காக என்று கேட்டால், வாக்கியம் மொட்டையாக நின்றது. காதுக்கு நன்றாக இருக்கட்டும் என்று சேர்த்தேன். மதியச் சாப்பாடு வந்துவிட்டது.

5

தேர்வின் இரண்டாம் நாள், பிற்பகல். பீட்சா ஆறிப்போயிருந்தது. மூன்றாவது சுற்றில் எங்கள் முறை வர ஒன்பது நிமிஷம். மார்லிஸ் ராய்ஸின் எண்ணைப் போட்டு, அறையில் எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார்.

"எங்கப்பா இருக்க?"

"டயர் கடையில மேடம். அம்மா வண்டிக்கு டயர் மாத்தறேன்."

"நாங்க உன்னை எடுத்தா, ஸ்டார்ட்டரா போடுவியா?"

பின்னணியில் காற்றடிக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் நின்றது.

"மேடம், நான் மாத்தாளு. காலேஜ்ல நாலு வருஷமும் எட்டாவது இன்னிங்ஸுக்குத்தான் கூப்புட்டாங்க. நூறு பந்து இதுவரைக்கும் யாரும் என்கிட்ட கேட்டதே இல்ல."

மார்லிஸ் அறிக்கையின் ஒன்பதாம் பக்கத்தைப் புரட்டி என் வரியை வாசித்தார். அவருக்கு நல்ல குரல். தேவாலயத்தில் பாடுகிறவர். அந்தக் குரலில் கேட்டபோது, நான் எழுதியதைவிட அந்த வரி நன்றாக இருந்தது.

"திரும்பப் படிங்க மேடம்," என்றான்.

திரும்பப் படித்தார்.

"யாரு எழுதினது?"

"எங்க ஆளு ஒருத்தரு. பேரு சொல்றதில்ல." [உண்மை. அறிக்கைகளில் பெயர் போடும் வழக்கம் எங்களிடம் இல்லை. அறையில் நடப்பது அறையோடு என்று எல்லோரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம்.]

"அவரு என்னை நேர்ல பாத்திருக்காரா?"

மார்லிஸ் என்னைப் பார்த்தார். நான் அர்க்கன்சாவுக்குப் போனதே இல்லை. நெல்வயலைக் கடைசியாகப் பார்த்துப் பதினோரு வருஷம் இருக்கும், அதுவும் வேறு நாட்டில். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடிகாரத்தில் ஆறு நிமிஷம் இருந்தது. தலையாட்டினேன்.

"பாத்திருக்காரு," என்றார் மார்லிஸ்.

"அப்படின்னா போடறேன்."

எடுத்தார்கள். அறை கைதட்டியது. வெர்ன் தட்டவில்லை. பன்னிரண்டு வருஷத்தில் அவருடைய காந்தம் முதல்முறையாகப் பலகையிலேயே நின்றிருக்கிறது, மனிதர் கொண்டாட வேண்டாமா? காகிதக் கோப்பையை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றார்.

"அந்தக் கடைசி வரிய நம்பியா எழுதின?"

"அது… ஒரு பேச்சுக்கு எழுதினது வெர்ன்."

"பேச்சுக்கா. அவன் முழங்கைக்குப் பேச்சு கேக்காதுய்யா."

6

[இந்தப் பகுதியை எடுத்துவிட்டேன். இதில் என்னைப் பற்றி நல்லபடியாக எழுதியிருந்தேன்.]

7

இப்போது ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். உரிமையாளர் கேட்டது கொட்டகைக்கு ஆள். நாங்கள் எடுத்தது கொட்டகைக்காரன் ஒருவனை. எடுத்தபின் அவனைக் கொட்டகையில் உட்கார வைக்கவில்லை. ஏன் என்றால் கொட்டகைக்காரனை எடுப்பது வீண் என்று அறிக்கை சொன்னது. அறிக்கையை எழுதியவனுக்கே இதைப் படிக்கும்போது தலை சுற்றுகிறது. ஆனால் அறையில் இருந்த பதினாறு பேரும் இதில் ஒரு கோணலையும் பார்க்கவில்லை. பேஸ்பால்காரர்கள் அப்படித்தான். மீனவனை மீன் பிடிக்க எடுத்துவிட்டு, மீன் பிடிப்பது மலிவான வேலை என்று படகு கட்டச் சொல்வோம்.

அடுத்த வசந்தத்தில் ராய்ஸை எங்கள் சின்ன அணிகளில் ஒன்றில் தொடக்க எறிவாளராக இறக்கினார்கள். ஏழு ஆட்டம் அற்புதமாகப் போட்டான். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் மறுநாள் காலை என் மேசையில் எண்கள் வரும். எண்களைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டேன். ஒருவேளை உண்மையிலேயே யாரும் பார்க்காத வலு இருக்கிறதோ என்றுகூட நினைத்தேன். தான் விளையாட்டாகச் சொன்ன ஜோசியம் பலித்தால் எவனும் கொஞ்சம் நிமிர்ந்துதான் உட்காருவான்.

எட்டாவது ஆட்டம், ஐந்தாவது இன்னிங்ஸ், எழுபத்து நான்காவது பந்து. என் அட்டவணையில் அந்தப் பந்தின் வேகம் முந்தையதைவிடப் பதினோரு மைல் குறைவாக இருந்தது. கருவியில் கோளாறு என்று குறித்துவைத்தேன். கருவியில் ஒரு கோளாறும் இல்லை. முழங்கைத் தசைநார் அறுந்திருந்தது.

அறுவை மருத்துவர் மணிக்கட்டிலிருந்து ஒரு தசைநாரை எடுத்து முழங்கையில் கட்டினார். மறுபடி பந்து போட ஒரு வருஷம் ஆகும் என்றார். அதற்கிடையில் மார்லிஸ் புது அறிக்கை ஒன்று கேட்டார்: 'மாற்று எறிவாளரை எடுத்தது சரியா: மீள்பார்வை.' என் பழைய முடிவுக்கு இப்போது ஆதாரம் கூடியிருந்தது. மாற்று எறிவாளரை எடுத்தால் வீண் என்றேன், எடுத்தார்கள், வீணாயிற்று. வீணாக்கியது என் வரி என்பதற்கு அட்டவணையில் கட்டம் இல்லை.

8

மீள்பார்வைக்காக என்னை ஃப்ளோரிடாவிலுள்ள பயிற்சித் தளத்துக்கு அனுப்பினார்கள். அடிபட்டவர்கள் தேறிவருகிற இடம். ஜனவரி, காலை பத்து மணி. ராய்ஸ் ஒரு மரபெஞ்சில் உட்கார்ந்து ரப்பர் பட்டையை இழுத்துக்கொண்டிருந்தான். நான் நினைத்ததைவிட உயரம். காது கொஞ்சம் பெரிசு. அவனை நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"தலைமை ஆபீஸ்லேந்து வந்திருக்கீங்கன்னு சொன்னாங்க சார்."

"ஆமாப்பா. கை எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு சார். ஒண்ணு காட்டட்டா?"

தொப்பியைக் கழற்றி, முன்விளிம்பின் அடிப்பக்கத்தைத் திருப்பிக் காட்டினான். பேஸ்பால் பையன்கள் அங்கே பேனாவால் எதையாவது எழுதிவைப்பார்கள். செத்துப்போன நண்பனின் எண், அம்மாவின் பெயர், வேதத்திலிருந்து ஒரு வசனம். இவனுடைய தொப்பியில் என் வரியின் இரண்டாவது பாதி இருந்தது. வியர்வையில் மை பரவி, அதன்மேல் மறுபடி எழுதி, அதுவும் பரவியிருந்தது.

எனக்கு உட்கார வேண்டும்போல் இருந்தது. உட்கார்ந்தேன்.

"எட்டாவது இன்னிங்ஸ்ல போனா பந்து போடற மேடு பூரா அடுத்தவன் மிதிச்ச குழி சார். அவன் குழியில கால வச்சு, அவன் விட்டுட்டுப் போன வம்பத் தீக்கணும். அந்த எட்டு ஆட்டத்துல முதல் ஆளாப் போனேன். மண்ணு அப்படியே புதுசா இருந்துது. நான் வச்ச காலுதான் குழி." சிரித்தான். "எங்கம்மாகூட 'நீ கடைசில வந்து காப்பாத்தறவன்டா'ன்னுதான் சொல்லுவா. என்னால முழுசா முடியும்னு எழுதினது இவரு ஒருத்தருதான்."

"டாக்டர் என்ன சொல்றாரு?"

"பதினஞ்சு பந்துன்னா இந்தக் கோடையிலேயே பெரிய டீமுக்குப் போலாம், பல வருஷம் ஓடும்ங்கறாரு. நூறுன்னா மறுபடி அறுந்துடும், அடுத்த தடவை கட்டறதுக்கு ஒண்ணும் மிச்சம் இருக்காதுங்கறாரு. எதுன்னு மார்ச்சுல நானே சொல்லணுமாம்."

"அப்ப டாக்டர் சொல்றதைக் கேக்கலாமே?"

"டாக்டர் என் கையைப் பாத்திருக்காரு சார். இவரு என்னைப் பாத்திருக்காரே. அன்னிக்கு மேடம் சொன்னாங்க." தொப்பியைப் போட்டுக்கொண்டான். "இவரு யாருன்னு விசாரிச்சுச் சொல்றீங்களா? 'இப்பவும் நம்பறேன்'னு ஒரு வார்த்தை சொல்லட்டும். நூறு பந்துன்னு எழுதிக் குடுத்துடுவேன்."

"இல்லன்னு சொன்னா?"

"ஏன் சார் இல்லன்னு சொல்லப்போறாரு?"

இந்த இடத்தில் என் கதாபாத்திரம் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். மூன்று பிரதிகளில் சொல்லவும் செய்தான். "ராய்ஸ், அந்த வரியை எழுதியது நான்தான், எழுதும்போது எனக்குப் பசி" [நிறுத்திவிட்டேன்.] "ராய்ஸ், வாக்கியம் மொட்டையாக இருந்ததால்" [இதை ஒரு மனிதனின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமா?] "ராய்ஸ், அறையில் நடப்பது அறையோடு என்று கையெழுத்து" [கோழை.]

நடந்தது இதுதான்.

"விசாரிச்சுச் சொல்றேன்," என்றேன்.

9

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் அவனிடமிருந்து செய்தி வருகிறது. "விசாரிச்சீங்களா சார்?" கூடவே கட்டைவிரல் படம். கோபமே இல்லாத பையன்.

வெர்னைக் கூப்பிட்டேன். அலபாமாவில் ஏதோ பள்ளி ஆட்டத்தில் இருந்தார்.

"நீங்க சொல்லிடுங்களேன் வெர்ன். உங்க மேல அவனுக்கு மரியாதை."

"நான் சொன்னா அது கோள் சொல்றது. நீ சொன்னாத்தான்யா அது பேச்சு."

"மனசு உடைஞ்சிடும்."

"உடையட்டும். மனசு உடைஞ்சா ஆறு மாசத்துல கூடிடும். கையி கூடாது." துப்புகிற சத்தம் கேட்டது. "ரெண்டுல எது உடையணும்னு நீதான் எழுதணும். நீதான் எழுத்தாளனாச்சே."

சரி. எழுதிப் பார்த்தேன்.

முடிவு ஒன்று. நான் சொல்கிறேன். அவன் தொப்பியைக் கழற்றிப் பார்த்துவிட்டுக் குப்பையில் போடுகிறான். பதினைந்து பந்து என்று எழுதிக் கொடுக்கிறான். எட்டு வருஷம் கொட்டகைக் கதவைத் திறந்துகொண்டு வருகிறான், அடுத்தவன் குழியில் கால் வைக்கிறான். என் தலைக்குமேல் கூரை அதிர்கிறது. அவன் என்னோடு பேசுவதே இல்லை.

முடிவு இரண்டு. நான் சொல்லவில்லை. அவன் நூறு பந்து போடுகிறான், கை தாங்குகிறது. இதற்கும் வாய்ப்பு உண்டு என்று என் அட்டவணை சொல்கிறது. நூற்றுக்கு எத்தனை என்று கேட்காதீர்கள். [மூன்று.]

முடிவு மூன்று. 'இப்போதும் நம்புகிறேன்' என்று நான் சொல்கிறேன். இந்தத் தடவை உண்மையாகவே நம்புகிறேன், ஏனென்றால் புதுசான மண்ணைப் பற்றி அவன் சொன்னதை நான் கேட்டவன். இந்த முடிவைத்தான் நான் அதிக நேரம் எழுதினேன். வாசிக்கவும் இதுதான் நன்றாக இருக்கிறது. காதுக்கு நன்றாக இருந்ததால்தான் முன்பும் எழுதினேன் என்று ஞாபகம் வந்ததும் கிழித்துப்போட்டேன்.

10

இதுபோன்ற கதைகளில் முடிவை வாசகரிடம் விட்டுவிடுவது மரியாதை. நானும் அப்படித்தான் திட்டமிட்டிருந்தேன். மூன்று முடிவையும் வரிசையாக அடுக்கி, எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள் என்று எழுதி, கைகழுவிக்கொண்டு சாப்பிடப் போகலாம். பிறகு தேதியைப் பார்த்தேன். இன்று மார்ச் மாத ஞாயிறு. நாளைக் காலை எட்டு மணிக்கு ராய்ஸ் பதினைந்து பந்தா நூறு பந்தா என்று எழுதிக் கொடுக்க வேண்டும். இந்தக் கதையைப் பத்திரிகைக்கு அனுப்பி, அவர்கள் படித்து, அச்சாகி உங்கள் கைக்கு வர இரண்டு மாதமாவது ஆகும். நீங்கள் எவ்வளவு நல்ல முடிவு எடுத்தாலும் அதற்குள் அவன் பந்து போட ஆரம்பித்திருப்பான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இதை ஏன் தமிழில் எழுதுகிறேன் என்று நீங்கள் யோசித்திருக்கலாம். மொழிப்பற்று என்று நினைத்திருந்தால் சந்தோஷம். ராய்ஸுக்குத் தமிழ் தெரியாது, மார்லிஸுக்கும் தெரியாது. இங்கே எனக்குத் தெரிந்தவர்களில் இதைப் படிக்கக்கூடியவர் யாரும் இல்லை. கேட்க வேண்டியவனுக்குக் கேட்காத இடமாகப் பார்த்து, நிதானமாக, பத்துப் பகுதியாகப் பிரித்துக்கொண்டு ஒப்புக்கொண்டிருக்கிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

காலை பத்தே கால். செய்தி வந்துவிட்டது, கட்டைவிரல் படத்தோடு. பதில் தட்டச்சு செய்ய ஆரம்பித்தேன். எழுத்தில் சொன்னால் மறுபடி அழகாக ஏதாவது சேர்த்துவிடுவேன் என்று பயம் வந்தது. கூப்பிட்டுவிட்டேன்.

ஒரே மணியில் எடுத்தான்.

"சார்! விசாரிச்சீங்களா?"

"விசாரிச்சேன்பா."

"தெரிஞ்சிடுச்சா?" பக்கத்தில் யாரையோ அமைதியாக இருக்கச் சொன்னான். "அம்மாவும் இங்கதான் இருக்கா சார். எல்லாருக்கும் கேக்கற மாதிரி வச்சிருக்கேன். சொல்லுங்க, யாரு சார் அந்த மகராசன்?"

அடுத்த வரியை நீங்கள் எழுதுங்கள். கொஞ்சம் யோசித்து எழுதுங்கள்.